மறைத்தேந்தும் கைத்துப்பாக்கி: தேர்வு பற்றிய ஓர் ஆராய்ச்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சாதாரணக் குடிமகன் ஒருவன் காலையில் வேலைக்குப் புறப்படும்போது, பணப்பையோடும் சாவிக்கொத்தோடும் ஒரு கைத்துப்பாக்கியையும் பிறர் கண்ணுக்குப் புலப்படாதவாறு இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டை விட்டு இறங்குவது, இன்று பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இடந்தரும் காரியமாகிவிட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் நிலைமை இதுவன்று. அனுமதிச் சீட்டே கேளாத வெர்மான்ட் ஒரு புறம் தனித்து நிற்க, ஏனைய மாநிலங்களுட் பல அனுமதியை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டிருந்தன; சில அடியோடு தடுத்திருந்தன. 1987-ல் புளோரிடா மாநிலம், விதித்த தகுதிகள் உடைய எவருக்கும் அனுமதி வழங்கியே தீரவேண்டும் என்று சட்டம் இயற்றியதும், அதைப் பின்பற்றி மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழியில் சென்றன; முற்றிலும் தடுத்துவந்த இல்லினாயும் 2013-ல் இசைந்தது. 1911-ஆம் ஆண்டின் சல்லிவன் சட்டத்தை 1913-ல் திருத்தியது முதலாக நியூயார்க் மாநிலத்தில் நிலவிவந்த, தனிக் காரணம் காட்டினால்தான் அனுமதி என்னும் விதியையும் 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. 2024 முடிவில் அனுமதிச் சீட்டே வேண்டாத மாநிலங்கள் 29 ஆகிவிட்டன.

இம்மாறுதலின் விளைவாக, முன்பு காவலர்களும் துப்பறிவோரும் மட்டுமே ஆராய்ந்துவந்த ஒரு விஷயம் இப்போது பொதுமக்களின் வினாவாகிவிட்டது. 2023-ல் பியூ ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணிப்பில், வயது வந்த அமெரிக்கர்களுள் 32 சதவீதத்தினர் தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகக் கூறினர். அவர்களுள் 72 சதவீதத்தினர் தற்காப்பை முக்கிய காரணமாகக் காட்டினர். நாள்தோறும் உடலோடு வைத்துக்கொள்வதற்கு எந்தக் கைத்துப்பாக்கி தக்கது என்று கேட்டுக்கொண்டு கடைக்குள் நுழைபவன், எவ்வளவு சிறியது என்று முதலிலும், எத்தனை தோட்டாக்கள் கொள்ளும் என்று அடுத்தும் கேட்பது வழக்கமாயிருக்கிறது. இவ்விரு கேள்விகளும் நியாயமானவையே. ஆயினும் இவை பின்னால் கேட்கவேண்டியவை என்பதும், சிறுமை என்னும் குணத்துக்கு உரிய விலை முழுவதையும் சுடுபவனது கையே செலுத்த நேர்கிறது என்பதும், அவ்விலையைச் செலுத்தும் பயிற்சியற்ற கைகளுக்கே மிகச் சிறிய துப்பாக்கிகள் பெரும்பாலும் விற்கப்படுகின்றன என்பதும் என் துணிபு. அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறைத்து வைக்கத்தக்க துப்பாக்கி புதிதாகத் தோன்றியதன்று. பிலடெல்பியா நகரில் ஹென்றி டெரிஞ்சர் செய்து விற்ற, உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாடெங்கும் பரவியிருந்தது. 1865 ஏப்ரல் 14 இரவு வாஷிங்டன் நகரத்துப் போர்டு நாடகசாலையில் ஆபிரகாம் லிங்கன்மீது பாய்ந்த குண்டு அத்தகைய துப்பாக்கியிலிருந்து புறப்பட்டதே. அதன் பின்னர் யூட்டா மாநிலத்தில் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும் சிறு பிஸ்டல்களை அமைத்து இத்துறையின் போக்கையே மாற்றினார். கோல்ட் நிறுவனம் 1903-ல் வெளியிட்ட அவருடைய பிஸ்டலில் சுத்தி உள்ளே மறைந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டிக்கொள்ளும் முனை எதுவும் வெளியே இல்லை. 1914-ல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று முதல் உலக யுத்தத்துக்கு வழிகோலியதும், பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங்கின் 1910 மாதிரிப் பிஸ்டலே.

எனினும் அமெரிக்கக் காவலர்களின் நம்பிக்கைக்குரியதாயிருந்தது ரிவால்வர் என்னும் சுழல் துப்பாக்கிதான். 1927-ல் கோல்ட் நிறுவனம் இரண்டங்குலக் குழலும் ஆறு தோட்டாக்களும் கொண்ட ‘டிடெக்டிவ் ஸ்பெஷல்’ என்பதை வெளியிட்டது. 1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதனினும் சிறிய, ஐந்து தோட்டா கொள்ளும் ரிவால்வர் ஒன்றைக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் கூடிய காவல்துறைத் தலைவர்களின் மகாநாட்டில் காட்டி, அம்மகாநாட்டை ஒட்டியே ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்று பெயரும் சூட்டிக்கொண்டது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக் காலம் மறைத்தேந்தும் துப்பாக்கி என்றால் இவ்வைந்து குண்டு ரிவால்வரையே மக்கள் கருதினர். அதன் வழிவந்த அலுமினியக் கலவை உருவங்கள் இன்றும் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன.

ஆஸ்திரிய நாட்டுக் காஸ்டன் கிளாக் பிளாஸ்டிக் சட்டகத்தில் அமைத்த பிஸ்டல் 1982-ல் அந்நாட்டு ராணுவத்தில் இடம்பெற்றது. அதைச் சற்றுக் குறுக்கிச் செய்த கிளாக் 19 என்னும் மாதிரி 1988-ல் வந்தது. சுமார் 10 சென்டிமீட்டர் குழலும் 15 தோட்டாக்களும் கொண்ட இதனை நடுத்தர அளவுக்கு இலக்கணமாகக் கொள்ளலாம். பின்னர் நிகழ்ந்ததோ, சட்டம் இயற்றியவர்கள் கனவிலும் கருதாத ஒரு விளைவு. 1994-ல் மைய அரசு, பொதுமக்களுக்கு விற்கும் புதிய தோட்டாக்கூடுகள் பத்துத் தோட்டாவுக்குமேல் கொள்ளலாகாது என்று விதித்தது. பத்துக்குமேல் இல்லையென்றான பிறகு பதினைந்து தோட்டாவுக்கேற்ற நீண்ட பிடி எதற்கு என்று எண்ணிய தொழிலதிபர்கள், பத்துத் தோட்டா அடங்கும் மிகக் குறுகிய வடிவத்தைத் தேடலாயினர். கிளாக் 26 முதலிய குட்டைப் பிஸ்டல்கள் அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றமைக்கு இது ஒரு முக்கிய காரணம். 2004 செப்டம்பரில் அவ்விதி காலாவதியாயிற்று. சிறுமையை நாடும் போக்கோ நிற்கவில்லை. 2008-ல் ரூகர் நிறுவனம் சுமார் 270 கிராம் எடையுள்ள எல்சிபி என்னும் சட்டைப்பைப் பிஸ்டலையும், 2012-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ‘ஷீல்டு’ என்னும் மெல்லிய பிஸ்டலையும் கொணர்ந்தன. 2018-ல் சிக் சாவர் நிறுவனத்தின் பி365, சுமார் அரைக் கிலோ எடையும் எட்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த குழலும் உடையதாயிருந்தும், தோட்டாக்களை ஒன்றரை வரிசையாக அடுக்கும் யுக்தியினால் பத்துத் தோட்டாக்களைத் தன் சிறு பிடிக்குள் அடக்கிக்காட்டியது. அடுத்த ஆண்டே ஸ்பிரிங்பீல்டு நிறுவனத்தின் ‘ஹெல்காட்’ பதினொன்றோடு போட்டிக்கு வந்தது. இன்று கடைக்காரனின் கண்ணாடிப் பேழையில் முன்வரிசை பெற்றிருப்பவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இனி, சிறுமையின் விலை யாது என்று பார்ப்போம்.

தோட்டா முன்னே பாய்வதற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே உதைக்கிறது. ஒரே தோட்டாவை இரு துப்பாக்கிகளில் சுடுவதாகக் கொண்டால், பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது இயற்பியலின் எளிய விதி. நிரம்பிய நிலையில் 850 கிராம் எடையுள்ள ஒன்றை விட, 500 கிராம் எடையுள்ள ஒன்று ஏறக்குறைய 1.7 மடங்கு ஆற்றலோடு கையை உதைக்கும். ஐந்து குண்டு ரிவால்வரையே டைட்டானியத்தாலும் ஸ்காண்டியக் கலவையாலும் சுமார் 330 கிராமுக்கு இளைக்கச் செய்து, அதில் ஆற்றல் மிக்க மேக்னம் தோட்டாவையும் ஏற்றுமாறு அமைத்திருக்கிறார்கள். சட்டைப்பையில் அது இருப்பதே தெரியாது என்பது உண்மை. அதைக்கொண்டு ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடித்தவர் இரண்டாம் பெட்டியைத் திறக்க விரும்புவது அரிது என்பதும் உண்மை. வலிக்கும் துப்பாக்கியை எவரும் விரும்பிச் சுடார், சுடாதவர்க்குப் பயிற்சியில்லை, பயிற்சியற்றவர்க்கோ, ஆபத்துக் காலத்தில் முதற்குண்டு தப்பிய பின் இரண்டாவதைக் குறியில் நிறுத்துவது இயலாது.

குறி பார்ப்பதிலும் இவ்விலை கேட்கப்படுகிறது. முன்னும் பின்னும் உள்ள குறிமுனைகளுக்கு இடையே 15 சென்டிமீட்டர் இருந்தால், அவற்றை ஒரு மில்லிமீட்டர் பிசகி அமைத்தவனது குண்டு ஏழு மீட்டருக்கு அப்பால் சுமார் 47 மில்லிமீட்டர் விலகும். இடைவெளி 10 சென்டிமீட்டரானால் அதே பிசகு 70 மில்லிமீட்டராகப் பெருகும். நெஞ்சு படபடக்கக் கை நடுங்கும் வேளையில் பிசகு ஒரு மில்லிமீட்டரோடு நில்லாது. இதனோடு விசையின் கடினத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ரிவால்வரின் விசையை இழுத்துச் சுடுவதற்கு ஐந்து கிலோ அளவுக்கு விரல் பலம் வேண்டியிருக்கிறது. துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோ. தன் எடையைப் போல் பத்து மடங்கு பலத்தோடு இழுக்கப்படும் பொருள் அசையாதிருக்க வேண்டுமானால், அதைப் பற்றியிருக்கும் மற்ற விரல்கள் உரம் பெற்றவையாயிருத்தல் வேண்டும். குட்டைப் பிடியில் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை; அது காற்றில் தொங்குகிறது. பிடியின் வலிமையில் சுண்டுவிரலின் பங்கு எவ்வளவு என்பதைச் சுத்தியலையோ அரிவாளையோ கையாண்டவர்கள் நன்கறிவார்கள்.

மூன்றாவது ஒன்றுண்டு, அதைக் கடையிலேயே எவரும் கண்டுகொள்ளலாம். பிஸ்டலில் முதல் தோட்டாவை ஏற்றுவதற்கு, குழலின்மேல் முன்னும் பின்னுமாக ஓடும் ஸ்லைடு என்னும் பாகத்தைக் கையால் பின்னுக்கு இழுத்து விடவேண்டும். ஸ்லைடு சிறுத்து எடை குறையும்போது, அதன் வேகத்தை அடக்குவதற்கு உள்ளே வைக்கும் சுருள்வில் கடினமாகிறது. வயது முதிர்ந்த ஒருவரோ, விரல் மூட்டுகளில் வாதநோய் உடைய பெண்மணி ஒருவரோ கடைக்கு வந்தால், கைக்கு அடக்கமாயிருக்கிறதென்று மிகச் சிறிய பிஸ்டலையே எடுத்து நீட்டுவார்கள். அவர் ஸ்லைடின் பின்புறத்துப் பள்ளங்களைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்து இழுக்கிறார். அது பாதி வந்து வழுக்கி முன்னே ஓடிவிடுகிறது. இரண்டாம் முறை உள்ளங்கை முழுவதையும் மேலே கவித்து இழுக்கும்போது, குழல்வாய் அவரையறியாமலே பக்கத்தில் நிற்பவர் பக்கம் திரும்பிவிடுகிறது. சற்றுப் பெரியதும், இலேசான சுருள்வில் உடையதுமான ஒன்றைக் கொடுத்திருந்தால் அவர் சிரமமின்றி இயக்கியிருப்பார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-ல் வெளியிட்ட ‘ஷீல்டு ஈஸி’ இக்குறையை உணர்ந்து அமைத்ததாகும். பலவீனமான கைக்குச் சிறிய துப்பாக்கி என்னும் எண்ணம் எவ்வளவு பரவியிருக்கிறதோ அவ்வளவு பிழையானது.

தோட்டாவைப் பற்றிய வாதம் இத்துறையில் அதிகம் கேட்கப்படுவது. முடிவு எளிதாதலால் சுருக்கமாகவே சொல்லலாம். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்பிஐ அதிகாரிகளுக்கும் இரு கொள்ளைக்காரர்களுக்கும் நடந்த மோதலில் அதிகாரிகள் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையன் ஒருவனது புயத்தைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 மில்லிமீட்டர் குண்டு இருதயத்துக்குச் சற்று முன்பாகவே நின்றுவிட, அவன் அதன் பின்னும் சுட்டுக்கொண்டிருந்தான். இதிலிருந்துதான், சரீரத்துக்கு ஒப்பான ஜெலட்டின் பாளத்தில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை, அதாவது ஏறக்குறைய 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை ஊடுருவ வேண்டும் என்னும் பிரமாணம் பிறந்தது. எஃப்பிஐ முதலில் 10 மில்லிமீட்டருக்கும் பிறகு 1990-ல் தோன்றிய .40 தோட்டாவுக்கும் மாறியது; நுனி குழிந்து விரியும் குண்டுகளின் அமைப்பு அதற்குள் பெரிதும் திருந்திவிட்டதனால், 2010-களின் நடுவில் மீண்டும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. பெரிய தோட்டாவினால் கிடைக்கும் சிறு நன்மையைவிட, குறைந்த உதைப்பினால் விரைவாகவும் சரியாகவும் சுட இயல்வதே மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு. சாதாரணக் குடிமகன் இம்முடிவோடு வாதிடக் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அதனினும் சிறிய .380 தோட்டா, குட்டைக் குழலில் விரிந்தால் ஊடுருவாமலும், ஊடுருவினால் விரியாமலும் போவதுண்டு. 9 மில்லிமீட்டரின் உதைப்பைத் தாங்க இயலாதவர்க்கு மட்டுமே அது உரியது.

ரிவால்வரா பிஸ்டலா என்னும் பழைய வழக்கும் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காது போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பையின் தூசியும் நூலிழையும் அதை எளிதில் தடுப்பதில்லை. உடலோடு உடல் நெருங்கிய போராட்டத்தில் பிஸ்டலின் ஸ்லைடு அழுந்தி இயங்காது நின்றுவிடக்கூடும், ரிவால்வருக்கு அத்தொல்லை இல்லை. இவை உண்மையான குணங்கள். ஆயினும் ஐந்தே தோட்டா, கடின விசை, குறுகிய குறிமுனை இடைவெளி, மறுபடி நிரப்புவதில் தாமதம் என்ற நான்கும் எதிரே நிற்கின்றன. நெடுநாள் பழகிய கைக்கு ரிவால்வர் சிறந்த துணை. புதியவனுக்கு, அதிலும் இலேசான ரிவால்வரை, பரிந்துரைப்பது தகாது.

இப்போது, கடைகளில் எல்லாவற்றுக்கும் பிறகு பேசப்படுவதும், என் கருத்தில் எல்லாவற்றுக்கும் முன் பேசப்படவேண்டியதுமான உறையைப் பற்றிச் சொல்கிறேன்.

2008 நவம்பரில் நியூயார்க் நகரத்துக் கேளிக்கை விடுதி ஒன்றுக்கு, அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் அதே ஆண்டு பெரும் புகழ் பெற்றிருந்த பிளாக்ஸிகோ பரஸ் என்னும் வீரர் கிளாக் பிஸ்டல் ஒன்றைத் தளர்ந்த கால்சட்டையின் இடுப்புப் பட்டியில் உறையின்றிச் செருகிக்கொண்டு சென்றார். துப்பாக்கி காலின் வழியே நழுவியது. அதைப் பற்ற முயன்றபோது விசை அழுந்தி, குண்டு அவருடைய தொடையைத் துளைத்தது. புளோரிடாவில் அவர் பெற்றிருந்த அனுமதி காலாவதியாகியிருந்தது. நியூயார்க் அனுமதியோ எப்போதும் இருந்ததில்லை. உயிர் பிழைத்த அவர் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, விளையாட்டு வாழ்க்கையின் உச்சத்தை இழந்தார். இத்தகைய பிஸ்டல்களில் தனியான பாதுகாப்புத் தாழ் இல்லை. விசையின்மேல் விரல் படாதிருப்பதே பாதுகாப்பு. ஆகவே விசைக்காப்பு வளையத்தை முற்றிலும் மூடும் கடினமான உறை, துப்பாக்கியின் ஓர் உறுப்பு என்றே கொள்ளத்தக்கது. கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கினாலோ, வாய் குவியாத தடித்த தோலினாலோ அது அமைந்திருக்க வேண்டும். துவண்ட துணியுறை, துப்பாக்கியை எடுத்தவுடன் வாய் மூடிக்கொள்ளும். திரும்பச் செருகும்போது அதன் மடிப்பே விசையை அழுத்திவிடும்.

திரும்பச் செருகும் கணமே நாள்தோறும் ஏந்துபவனுக்கு மிகுந்த அபாயமுடையது. குளிர்காலத்து மேற்சட்டைகளின் கீழ்விளிம்பில் இறுக்குவதற்காக ஒரு கயிறும், அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் குமிழும் தொங்கும். துப்பாக்கியைக் கண்ணால் பாராமல் உறைக்குள் தள்ளும்போது அக்குமிழ் வளையத்துக்குள் புகுந்து விசைக்கும் உறைக்கும் இடையே மாட்டிக்கொண்டால், மேலும் அழுத்துகின்ற கையே சுடுகின்ற கையாகிவிடும். முன்வயிற்றுப் பக்கம் ஏந்துபவர்களுக்கு அக்குண்டு செல்லும் திசையில் தொடையின் பெரிய இரத்தக்குழாய் இருக்கிறது. எடுப்பதில் வேகம் பயிலும் எவரும், வைப்பதில் நிதானத்தை அதனினும் மிகுதியாகப் பயில வேண்டும்: மேலாடையை இடக்கையால் உயர்த்தி, உறையின் வாயைக் கண்ணால் நோக்கி, தடை தட்டினால் அழுத்தாது நின்று பார்த்தே வைக்க வேண்டும்.

கைப்பையில் வைத்துச் செல்லும் வழக்கத்தைப் பற்றி என் அபிப்பிராயம் உறுதியானது. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்து ஹேடன் என்னும் ஊரில், பேரங்காடியொன்றில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த தாயின் கைப்பைக்குள், தள்ளுவண்டியில் அமர்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை கைவிட்டு, அங்கிருந்த துப்பாக்கியை எடுத்து இயக்கியது. தாய் அங்கேயே இறந்தாள். அவள் முறைப்படி அனுமதி பெற்றவள். அப்பையிலோ துப்பாக்கிக்கென்றே தைத்த தனி அறை இருந்தது. ஆயுதம் உடலில் இருக்க வேண்டும், அல்லது பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் எதுவும் அதற்குக் கிடையாது.

உடலில் எங்கே வைப்பது என்பது அவரவர் உருவத்தையும் தொழிலையும் பொறுத்தது. வலப்புற இடுப்பில் சற்றுப் பின்தள்ளி வைப்பது நிற்பவனுக்கு நல்லது. நாள் முழுதும் வண்டியோட்டுபவனுக்கு இருக்கைப் பட்டியும் சாய்மானமும் இடையூறு செய்யும். கணுக்காலில் வைத்தவன் குனிந்தாலொழிய எடுக்க முடியாது. பெண்களின் உடைகளில் பெரும்பாலும் உறுதியான இடுப்புவார் இல்லாமையால், உறையோடு சேர்ந்த அகன்ற பட்டிகள் பல இப்போது வந்துள்ளன. இங்கே பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. துப்பாக்கி வெளியே புடைத்துத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் குழலின் நீளமன்று; அது கால்சட்டைக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. பிடியின் நீளமும் மொத்தத் தடிமனுமே சட்டையைத் தள்ளிக்காட்டுகின்றன. ஆகையால் குழல் சற்று நீண்டு பிடி மெலிந்த பிஸ்டல், குட்டையும் தடித்துமான பிஸ்டலைவிட நன்கு மறையும். அதனோடு நன்றாகவும் சுடும். கெட்டியான வாரும் சரியாகச் சாய்த்த உறையும், சிறிய துப்பாக்கி தேவை என்று எண்ணியவர் பலருக்கு அத்தேவையே இல்லாமற் செய்துவிடும். ஹூஸ்டன், மயாமி போன்ற வெக்கை நகரங்களில் வியர்வை எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதையும், மாதக்கணக்கில் இடுப்பில் இருந்த தோட்டாக்களை அவ்வப்போது சுட்டுத் தீர்த்துப் புதியவை இடவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

தோட்டாக்களின் எண்ணிக்கையில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்ஸி மூன்றிலும் தோட்டாக்கூட்டின் எல்லை பத்து, கொலராடோவில் பதினைந்து. ஒரு மாநிலத்தின் அனுமதிச் சீட்டு அடுத்த மாநிலத்தில் செல்லுபடியாகும் என்பதற்கும் உறுதியில்லை. எல்லையைக் காரில் கடந்தவுடன் சட்டத்துக்கு உட்பட்டவன் குற்றவாளியாகிவிடலாம்.

இத்தனையும் ஆராய்ந்த பின்னும், முதற்கண் கேட்கத்தக்க கேள்வியான ‘ஏந்தத்தான் வேண்டுமா?’ என்பதை விட்டுவிட்டு முடிவு கூறுவது நேர்மையாகாது. மறைத்தேந்தும் உரிமை குற்றங்களைக் குறைக்கிறது என்று 1998-ல் ஜான் லாட் ஒரு நூலில் வாதித்தார். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு 2004-ல் ஆதாரங்களையெல்லாம் சீர்தூக்கி, குறைக்கிறதென்றோ கூட்டுகிறதென்றோ துணிவதற்குச் சான்று போதாது என்றது. அதற்கு முன், 1993-ல் ஆர்தர் கெல்லர்மன் முதலிய மருத்துவர்கள், வீட்டில் துப்பாக்கி இருத்தல் அவ்வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்காயிருப்பதோடு தொடர்புடையதெனக் கண்டனர். எது காரணம், எது காரியம் என்ற வாதம் அதன்மேல் இன்னும் நடக்கிறது. வாதத்துக்கு இடமற்றது ஒன்றுண்டு. 2021-ல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேற்பட்ட மரணங்களில் பகைவன் எவனும் இல்லை. மனச்சோர்வுற்ற ஒருவர், குடிப்பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், காதல் முறிந்தோ தேர்வில் தவறியோ கலங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் வாழும் இல்லத்தில், எவ்வளவு நன்கு தேர்ந்தெடுத்த துப்பாக்கியானாலும் அது தவறான தேர்வே. இதை விற்பவர் சொல்லமாட்டார். ஆதலால் எழுதுபவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அவ்வித இடையூறு எதுவுமின்றி, சட்டத் தகுதியும் நிதானமும் பயிற்சிக்கு வேண்டிய அவகாசமும் உடைய ஒருவர் என்னைக் கேட்டால், நான் கூறும் முடிவு இது. 9 மில்லிமீட்டர் பிஸ்டல். நிரம்பிய நிலையில் 650 முதல் 850 கிராம் வரை எடை. சுண்டுவிரல் உட்பட எல்லா விரலுக்கும் இடந்தரும் பிடி. ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாத குழல். கிளாக் 19, கிளாக் 48, சிக் பி365-ன் நீண்ட வடிவமாகிய எக்ஸ்எல் ஆகியவை இவ்வரையறைக்குள்ளோ அதையொட்டியோ நிற்பவை. இவற்றுள் எது என்பதைக் கையே தீர்மானிக்கட்டும். சட்டைப்பைப் பிஸ்டலும் இறகு போன்ற ரிவால்வரும் பல்லாண்டு பழகியவர்க்கு இரண்டாவது ஆயுதமாகலாம், தொடங்குபவர்க்கு முதலாவதாகலாகாது. பல சுடுதளங்களில் துப்பாக்கிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாங்குமுன் இரண்டு மூன்று மாதிரிகளில், ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். துப்பாக்கிக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை உறைக்கும் வாருக்கும் பூட்டுப் பெட்டிக்கும் ஆசிரியருக்கும் வைத்துவிட்டு, எஞ்சியதில் துப்பாக்கியைத் தேடுங்கள்.

அமெரிக்காவில் வாழும் தமிழன்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். சுற்றுலா, படிப்பு, எச்-1பி முதலிய தற்காலிக விசாக்களில் தங்கியிருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மைய அரசின் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. முறையான வேட்டை உரிமம் உடையவர் போன்ற சிலருக்கே விலக்குண்டு. மீறுவது மைய அரசின் கடுங்குற்றம். நிரந்தரக் குடியிருப்பு அட்டை பெற்றவர்களை இத்தடை கட்டுப்படுத்தாது. அவர்கள் தம் மாநிலச் சட்டத்தை வழக்கறிஞரிடம் கேட்டறிந்த பின்பே கடைக்குச் செல்க.